கழுத்துக்குக் கழுத்தா, சரிக்குச் சரியா?

மரபுத்தொடர் என்பது ஒரு மக்களின் வாழ்க்கையில் விளைவது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சொல் வரும்; பொருள் வாராது. 'நெக் அண்ட் நெக்' என்னும் ஆங்கிலத் தொடரைக் 'கழுத்துக்குக் கழுத்து' என்று எழுதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இத்தொடர் பிறந்த இடம் குதிரைப் பந்தயத் திடல். இரு குதிரைகள் ஒன்றையொன்று முந்தவியலாது இணையாக ஓடும் நிலையை இது குறிக்கும். மூக்கு, தலை, கழுத்து, உடல்நீளம் என்பன அங்கே வெற்றி இடைவெளியை அளக்கும் அளவைகளும் ஆகும். மனிதர் ஓடும் பந்தயத்திலோ கழுத்துக்கு மதிப்பில்லை. எல்லைக்கோட்டை உடற்பகுதி எட்டும் கணமே கணக்கிடப்படும்.

குதிரையோடு வாழ்ந்த அரபியரிடமும் இத்தகைய வழக்கு உண்டு. சரிநிகரான இருவரைப் 'பந்தயக் குதிரைகள் இரண்டைப் போன்றவர்' என்பர். பந்தயத்தில் முதலில் வரும் குதிரை 'முஜல்லீ'. அதன் பின்புறத்தை ஒட்டித் தலை நீட்டி வருவது 'முஸல்லீ'. தமிழிலோ 'கழுத்து' என்றதும் கழுத்தறுப்பும், கழுத்தைப் பிடித்துத் தள்ளுதலுமே நினைவில் எழுகின்றன!

தமிழுக்குச் சொற்பஞ்சம் இல்லை. வாக்கு எண்ணுகையில் இருவரும் மாறி மாறி முந்தினால் அது 'சரிக்குச் சரி'. முடிவு தெரியாமல் நீண்டால் 'இழுபறி'. ஆங்கிலத் தொடரும் போட்டி நடக்கும் நிலைக்கே உரியது, முடிவுக்கு உரியதன்று. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா வெண்கலப் பதக்கத்தை இழந்தது நொடியில் நூற்றில் ஒரு பங்கால். 2008ஆம் ஆண்டு இராஜஸ்தான் மாநில நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி தோற்றது ஒரே வாக்கால். இவை 'நூலிழையில்' நழுவிய வெற்றிகள், இழுபறிகள் அல்ல.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. முடிந்துவிட்ட தேர்தலை 'இழுபறி' என்று எழுதினால், தீர்ப்பு இன்னும் வரவில்லை என்றே படிப்போர் கொள்வர். ஒரு வாக்கில் வென்றவரும் வென்றவரே. மக்கள் தந்த தீர்ப்பில் ஐயத்தை விதைப்பது எழுதுவோர் பணியன்று. நாளை இதழ்த்துறையிலும் மொழிபெயர்ப்பிலும் புகவிருக்கும் மாணவச் செல்வங்கள் அயல்மொழித் தொடரைக் கண்டதும், அதன் உறுப்புகளை எண்ணாது அது உணர்த்தும் நிலையை உணர்க. பின்னர் அந்நிலைக்கு நம் மக்கள் வழங்கும் சொல்லைத் தேடுக. தேடுவோர்க்குத் தமிழ் தரும்.