முகம் மாறிய சிலை

இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு காணொளி. எங்கோ ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி ஒழுகுகிறது. காலி பண்ணினால் ஆலையை நிறுத்த வேண்டும். அதனால் ஆளை இறக்குகிறார்கள். ஒரு சொட்டும் உள்ளே வராத ரப்பர் உடுப்பு, அதோடு பூட்டிய தலைக்கவசம், மேலேயிருந்து காற்றுக்குழாய், பேச ஒரு கம்பி. தெளிந்த நீரென்றால் சாயத்தைப் பீய்ச்சி, அது எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்க்கலாம். கழிவுநீரில் கண் உதவாது. உள்ளங்கையால் சுவரைத் தடவித்தான் வெடிப்பைப் பிடிக்க வேண்டும். ஓட்டை பெரிதாக இருந்துவிட்டால் நீரின் அழுத்தம் கையை அப்படியே கவ்விக்கொள்ளும். மேலே நிற்பவர்கள் எவ்வளவு இழுத்தாலும் விடாது.

காணொளி முழுக்க நிறுவனத்தின் பெயர் வந்தது. இறங்கியவரின் பெயர் வரவேயில்லை.

இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் பழைய கோபம் தெரியும். இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போகும்போதெல்லாம் கிளம்புகிற கோபம். 1965இல் ஓடத் தொடங்கிய 50 மெகாவாட் மின் நிலையத்துக்குப் பொறியாளர் விமலசுரேந்திரவின் பெயர். தகும். இந்த மலையாறுகளில் மின்சாரம் இருக்கிறது என்று 1918இலேயே பொறியாளர்கள் முன் கட்டுரை வாசித்த மனிதர். லக்சபானவில் அந்த யோசனை நிறைவேற 1950 ஆனது. அவர்மேல் எனக்கு மரியாதை மட்டும்தான். அங்கே பாறை குடைந்தவன், கல் சுமந்தவள் பெயரைத்தான் தேடுகிறேன்.

அதே 1918இல் இங்கிலாந்தில் விஷக்காய்ச்சலில் இறந்துபோனார் சுழியோடி வில்லியம் வாக்கர். இவரைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆறாது. வின்செஸ்டர் பேராலயம் சதுப்பு மண்ணில் புதைந்துகொண்டிருந்தது. அஸ்திவாரத்தைத் தோண்டினால் குழியில் தண்ணீர் ஊறி நிறைந்துவிடும், மை மாதிரி கறுப்பு. 1906 முதல் 1911 வரை வாக்கர் அதற்குள் இறங்கினார், ஒற்றை ஆளாக, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். எல்லாம் கைத்தடவலில்தான். 25,000க்கு மேல் கொங்கிரீட் மூட்டைகளை அடியில் அடுக்கினார். உடுப்பு அத்தனை பாரம். சாப்பாட்டு நேரத்திலும் தலைக்கவசத்தை மட்டுமே கழற்றுவாராம். வார இறுதியில் அதே மனிதர் சைக்கிள் மிதித்து லண்டன் பக்கத்து வீட்டுக்குப் போய் வருவார். ஒரு வழிக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். பேராலயம் இன்றைக்கும் நிற்கிறது.

1964இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். பெயர் வாக்கருடையது. முகம் அந்த வேலையின் பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸுடையது. ஆள் மாறிப்போனது. வாக்கர் தன் சொந்த முகத்தோடு நிற்க 2001 வரை ஆகிவிட்டது.

நோட்டன் அணையிலோ, லக்சபான குழாய்ப் பாதையிலோ வேலை செய்த தாத்தா, அப்பாயி, அம்மாயி உங்கள் வீட்டில் இருந்திருந்தால் பெயரை எழுதி அனுப்புங்கள். எந்தத் தோட்டம், என்ன வேலை என்றும் எழுதுங்கள். படம் இருந்தால் யார் யார் என்று பின்பக்கம் குறித்து அனுப்புங்கள். அடுத்த வாரம் இந்த இடம் அவர்களுக்கு.