பூனைக்கும் பிரஷர் பாருங்கள்

எங்கள் திருநின்றவூர் இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு, நெஞ்சு நோய் தீர வேண்டி எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே ஈசனுக்குக் கோயில் கட்டிய ஊர் இது. ஆனால் இங்கும்கூட, பூனைக்குப் பிரஷர் வரும் என்று சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு.

பக்கத்துத் தெரு அக்கா வளர்க்கும் கிழப்பூனை ஒருநாள் காலையில் கதவு நிலையில் போய் முட்டிக்கொண்டது. வெயிலில் தூக்கிப் பார்த்தபோதும் கண்மணி சுருங்காமல் அகன்றே இருந்தது. "வயசாயிடுச்சு, பார்வை போயிடுச்சு" என்றார் அக்கா. போனது வயதால் அல்ல. ரத்த அழுத்தம் ஏறி, விழித்திரை பிரிந்திருந்தது. வயதான பூனைகளுக்குப் பெரும்பாலும் சிறுநீரகக் கோளாறோ தைராய்டு மிகுதியோதான் பிரஷரை ஏற்றிவிடுகிறது. உடனே மருந்து தொடங்கினால் சில பூனைகளுக்குப் பார்வை ஓரளவு திரும்பும். நாள் கடந்தால் கடினம்.

பிரஷர் பார்ப்பதில் பூனைக்கு வலி இல்லை. முன்னங்காலிலோ வால் அடியிலோ சிறு பட்டை சுற்றுவார்கள். பூனை பயந்தால் அளவு ஏறிவிடும் என்பதால் சற்று நேரம் அமைதியாக இருக்க விட்டு, பலமுறை பார்த்துச் சராசரி எடுப்பார்கள். மேல் அளவு திரும்பத் திரும்ப 160-ஐத் தாண்டினால் சிகிச்சை வேண்டும்.

மருந்து புதிதல்ல. நம் வீட்டுப் பெரியவர்கள் போடும் அம்லோடிபின்தான். 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கில் தொடங்குவது வழக்கம். டெல்மிசார்டனும் உண்டு. பிரஷரோடு இதயத்தையும் கவனிக்க வேண்டும். இதயத்தசை தடித்த பூனைக்கு ரத்தம் உறைந்து பின்னங்கால்கள் திடீரென விழுந்துவிடலாம். அதைத் தடுக்க குளோபிடோகிரெல் தருவார்கள். தூங்கும் பூனையின் மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

அதே மாத்திரைதானே என்று மெடிக்கலில் வாங்கி நாமே கொடுப்பது ஆபத்து. அளவைச் சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர். பாராசிட்டமால் ஒரு துண்டுகூடப் பூனையின் உயிரைப் பறித்துவிடும். தொடங்கிய பிரஷர் மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது.

1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. இங்கே மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து பக்கம்தான். பூனைக்கு ஏழு வயது கடந்துவிட்டதா? கூடையில் வைத்து ஆண்டுக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். தலைவலி, மயக்கம் என்று சொல்ல அதற்கு வாயில்லை. நாம்தான் முந்திக்கொள்ள வேண்டும்.