விடுபட்ட புள்ளிகள்

இரண்டு அளவுகளுக்கிடையே உள்ள சம்பந்தத்தை ஒரே நோக்கில் காட்டவல்ல சிதறல் விளக்கப்படம் இந்நாளில் பத்திரிகைகளிலும் அரசாங்க அறிக்கைகளிலும் தாராளமாக இடம்பெறுகிறது. ஆயினும் அதைப் படிக்கும் முறையைப் பற்றி நமக்குச் சொல்லப்படுவதெல்லாம், ஒட்டுறவு இருப்பதனாலேயே காரண காரியத் தொடர்பு உண்டென்று கொள்ளலாகாது என்ற எச்சரிக்கையோடு முடிந்துவிடுகிறது. சாக்லேட் மிகுதியாக உண்ணும் தேசங்களுக்கே நோபல் பரிசுகளும் மிகுதி என்று காட்டி 2012இல் வெளியான படத்தைக் கண்டு நகைக்க நாம் நன்றாகவே பழகியிருக்கிறோம். அதைவிட விபரீதமான பிழை, படத்தில் ஏறாமலே போன புள்ளிகளைப் பற்றியது.

1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் புறப்பட இருந்த சேலஞ்சர் விண்வெளி ஓடத்தைக் குறித்து, அதன் ராக்கெட்டுகளைச் செய்தளித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தாரும் நாசா அதிகாரிகளும் தொலைபேசி வழியே நெடுநேரம் விவாதித்தார்கள். ராக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் இறுகி, வெப்ப வாயுவைத் தடுக்கத் தவறக்கூடும் என்று எஞ்சினியர்கள் அஞ்சினார்கள். அதற்கு எதிராக நின்ற வாதமோ, 53 டிகிரி பாரன்ஹீட்டிலும் வளையம் பழுதுற்றது, 75 டிகிரியிலும் பழுதுற்றது, ஆகவே வெப்பநிலையைக் குற்றம் சொல்வானேன் என்பது. பழுது நேர்ந்த பயணங்களை மாத்திரம் புள்ளியிட்டுப் பார்ப்பவனுக்கு அது நியாயமாகவே தோன்றும். எஞ்சினியர்களின் ஆட்சேபம் அன்றிரவே கைவிடப்பட்டது; மறுநாள் ஓடம் விபத்துக்குள்ளாயிற்று.

பின்னர் விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் கமிஷன், பழுதின்றித் திரும்பிய பயணங்களையும் சேர்த்துப் புள்ளியிட்டபோது, 65 டிகிரிக்கு மேற்பட்ட 20 பயணங்களில் 3இல் மட்டுமே பழுது நேர்ந்திருந்ததும், அதற்குக் கீழ்ப்பட்ட 4 பயணங்களில் ஒன்றேனும் தப்பாமல் நான்கிலும் நேர்ந்திருந்ததும் கண்கூடாயின. ஒன்றும் நேரவில்லை என்று ஒதுக்கப்பட்ட பயணங்களே, எந்த வெப்பத்தில் ஆபத்துக் குறைவு என்பதற்குச் சாட்சிகளாக இருந்தன. அன்றியும், ஓடம் கிளம்பிய காலையில் வெளிவெப்பம் 36 டிகிரி. 53க்குக் கீழே படத்தில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. அனுபவமே இல்லாத அந்த வெற்றிடத்துக்குள் எழுவர் அனுப்பப்பட்டனர்; 73 வினாடிகளில் ஓடம் சிதறியது, எழுவரும் மாண்டனர்.

கணிதம் அறியாதவர்கள் செய்த தவறல்ல இது. அதனாலேயே எனக்கு அச்சம் மிகுகிறது. ஆகவே இத்தகைய படங்களை வெளியிடும் இலாகாக்களையும் பத்திரிகாசிரியர்களையும் நான் வேண்டுவது ஒன்றே: எத்தனை புள்ளிகள் நீக்கப்பட்டன, என்ன காரணத்தால் நீக்கப்பட்டன, எந்த எல்லைக்கு அப்பால் புள்ளிகளே இல்லை என்பதைப் படத்தின் அடியில் இரண்டு வரியில் அச்சிடுங்கள்.