கடலோர வண்டியில் ஒரு சிற்றலைப் பெட்டி

சென்ற வாரம் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு மாலை வண்டியில் வந்தேன். எதிர் ஆசனங்களில் இருந்த நால்வரும் காதுகளில் எதையோ செருகிக்கொண்டு, தத்தம் கைத்தொலைபேசியை நோக்கியவண்ணம் இருந்தனர். ஒருவர் கேட்பது மற்றவருக்குக் கேளாது. நல்லதுதான், அயலவருக்குத் தொல்லை இல்லை. ஆயினும் இதே பாதையில், இதே நேரத்தில், பெட்டியின் ஒரு பாதி முழுவதும் ஒரே குரலுக்குச் செவிசாய்த்துச் சென்ற காலமும் இருந்தது.

நான் கந்தோருக்குப் போய்வந்த ஆண்டுகளில், என் பையிலே குடைக்கும் சோற்றுப் பொட்டலத்துக்கும் இடையே ஒரு டிரான்சிஸ்டர் வானொலி எப்பொழுதும் இருக்கும். 1977ஆம் ஆண்டின் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபொழுது புறக்கோட்டையில் வாங்கியது. அளவில் ஒரு செங்கல். கனத்தில் அதனிற் பாதி. மத்திய அலை ஒன்று, சிற்றலை இரண்டு, இழுத்தால் நீளும் ஏரியல் ஒன்று. கொட்டாஞ்சேனையில் என் தந்தையார் வைத்திருந்த வால்வு வானொலியோடு ஒப்பிட்டால் இது ஒரு விளையாட்டுப் பொருள். தந்தையாரின் பெட்டி மேசையொன்றை முழுதாக அடைத்துக்கொண்டிருக்கும். விசையைத் திருப்பியபின் அது சூடேறிக் குரல் கொடுக்கும்வரை நாங்கள் கைகட்டி நிற்போம். 1947 டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த டிரான்சிஸ்டர், 1954இல் சட்டைப்பைக்குள் அடங்கும் வானொலியாக விற்பனைக்கு வந்தது. வானொலி வீட்டை விட்டு வெளியே நடக்கத் தொடங்கியது அதன் பின்னரே.

கொழும்புவாசிகளுக்குச் சிற்றலை புதிதன்று. 1925 டிசெம்பர் 16ஆம் திகதி இங்கு ஒலிபரப்பு தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபுவின் படைத்தலைமையகம் தன் போர்வீரர்களுக்கென நிறுவிய வலிமை மிக்க சிற்றலை நிலையம், 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கவே, பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ளோர் பாட்டுக் கேட்க இலங்கையை நாடினர். 1957இல் விவித பாரதி தோன்றும்வரை அவர்களுக்கு வேறு கதியில்லை. தமிழ்நாட்டு உறவினர் இங்கு வந்தால், மயில்வாகனனாரின் குரலுக்கு உரியவரைக் காட்டுமாறு கேட்டதை நான் சிறுவனாக இருந்து கண்டிருக்கிறேன்.

ஓடும் வண்டியில் சிற்றலை கேட்பது எளிதன்று. புகையிரதப் பெட்டி இரும்புக் கூடு. வானொலி அலை யன்னல் வழியாக மட்டுமே உள்ளே வரவேண்டும். கோட்டையிலிருந்து கொம்பனித்தெரு தாண்டும்வரை கட்டடங்களுக்கிடையே வெறும் இரைச்சல். கொள்ளுப்பிட்டியை அண்மிக்கையில் மேற்கே கடல் விரியும். அப்பொழுது யாரோ கதவைத் திறந்துவிட்டாற்போல் லண்டன் கேட்கும். ஆதலால் எனக்குக் கடற்பக்கத்து யன்னலோரம் வேண்டும்; அதற்காக வண்டி நிற்குமுன் ஓடி ஏறியும் இருக்கிறேன். எங்கள் பாதையில் மின்சார வண்டி இல்லாதது இவ்வகையில் ஒரு பாக்கியமே. சென்னைக் கடற்கரை – தாம்பரம் பாதை 1931இலேயே மின்மயமானது. அங்கே இப்பெட்டியைத் திறந்திருந்தால் பொரிகடலை வறுக்கும் ஓசைதான் மிஞ்சியிருக்கும்.

கொட்டாஞ்சேனையில் வானொலி திருத்தும் ஒருவர் இருந்தார். தந்தையாரின் பெட்டிக்கும் அவரே வைத்தியர். ஒரு முழ மெல்லிய செப்புக் கம்பியை ஏரியலின் நுனியிற் சுற்றித் தந்து, “தம்பி, இதை யன்னலுக்கு வெளியே தொங்கவிடுங்கோ. கம்பத்திலே படாமற் பார்த்துக்கொள்ளுங்கோ” என்றார். சிற்றலை ஏன் தொலைவுக்குச் செல்கிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். தரையோடு செல்லும் அலை விரைவிற் களைத்துவிடும். மேலே செல்வதோ, வானின் மின்னேறிய படலத்திற் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இறங்கும். இடையில் இருப்பவனுக்கு ஒன்றும் கேளாது. “பக்கத்து வீட்டுச் சங்கதி எங்களுக்குத் தெரியாது, லண்டன்காரன் சொல்லித்தான் தெரியவேண்டும்” என்று சிரிப்பார். 1983 யூலைக்குப் பின் அவருடைய கடை திறக்கப்படவில்லை. அவர் எங்கு சென்றார் என்பதை நான் அறியேன்.

அந்த யூலைக்குப் பின் நானும் சில வாரங்கள் வண்டியேறவில்லை. மீண்டும் ஏறியபொழுது வானொலியை வீட்டிலே வைத்துவிட்டேன். பெட்டிக்குள் தமிழில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பத்திரிகையையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வேன். அவ்வாறு ஓராண்டு கழிந்தது.

1984 ஓகஸ்டில் லோட்ஸ் மைதானத்தில் இலங்கை அணி இங்கிலாந்தை எதிர்த்து ஆடிற்று. என்னோடு நெடுநாளாகப் பயணஞ் செய்யும் சிங்களப் பெரியவர் ஒருவர், மொரட்டுவை செல்பவர், ஒரு மாலை என்னருகே வந்து, “மாத்தயா, ரேடியோவைக் கொண்டுவருவதில்லையா?” என்று கேட்டார். மறுநாள் கொண்டுசென்றேன். லண்டன் செய்தியில் ஓட்ட எண்ணிக்கை வரும் நேரம், எங்கள் யன்னலைச் சூழ எத்தனை தலைகள்! சிதத் வெத்தமுனி பத்து மணி நேரத்துக்கு மேல் நின்று 190 ஓட்டங்கள் பெற்றார். துலீப் மென்டிஸ் 111. நான் செப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் வானொலியைத் தாங்கிக்கொண்டிருந்தார். கிரிக்கெட்டில் எனக்குப் பெரிய ஈடுபாடில்லை என்பதை இன்று சொல்வதில் தவறில்லை.

ஒரு நாள் நான் முள்ளைத் திருப்புகையிற் பழைய தமிழ்ப் பாடலொன்று இடையே அகப்பட்டது. என் விரல் தானாகவே அதைக் கடந்து சென்றது. “ஏன்? இருக்கட்டும், நல்ல பாட்டு” என்றார் பெரியவர். திரும்ப வைத்தேன். ஆனால் ஒலியைக் குறைத்தே வைத்தேன்.

இரவில் வீட்டில் 9.15க்குத் தமிழோசை. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் அவ்வேளை நடந்தால் வீட்டுக்கு வீடு அதே குரல் கேட்கும். ஒரு சொல்லும் விடாமற் செய்தியைக் கேட்டபடியே காலி வீதிவரை வந்துவிடலாம். வடக்கிலிருந்த என் மைத்துனர் வீட்டில் அதுவும் கடினம். 1990களில் அங்கே பற்றரி கொண்டுசெல்லத் தடை. சைக்கிளை நிறுத்தி வைத்து, பிள்ளைகள் முறைவைத்து மிதிக்க, டைனமோவின் மின்சாரத்தில் அவர்கள் செய்தி கேட்டனர். மிதிப்பவர் சோர்ந்தால் செய்தியும் சோரும்.

1996 யூலை 24ஆம் திகதி நான் முந்திய வண்டியில் வந்துவிட்டேன். தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் தெகிவளைப் பக்கமாக ஓசை கேட்டது. தெகிவளை நிலையத்தில் நின்ற மாலை வண்டியில் வெடித்த குண்டுகள் 60க்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டன. அன்றிரவு சிற்றலையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துழாவினேன். இறந்தோர் தொகையைச் சொல்லிற்று. மொரட்டுவைப் பெரியவர் எந்த வண்டியில் வந்தார் என்பதை எந்த நிலையம் சொல்லும்? பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அருகிருந்தும் அவர் பெயரை நான் கேட்டதில்லை. இறந்தோர் பெயர்கள் பத்திரிகையில் வந்தபொழுது எந்தப் பெயரைத் தேடுவது என்று தெரியாமல் விழித்தேன்.

ஒன்பது நாட்களின் பின் அவர் வந்தார். காய்ச்சலாகப் படுத்திருந்தாராம். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் என் பையைப் பார்த்து, “ரேடியோ?” என்றார். கொண்டுவரவில்லை என்றேன். நிலையங்களிற் பைகளைச் சோதித்தனர். ஒரு தமிழனின் பையில் பற்றரியும் கம்பியும் இருந்தால் எவ்வளவு விளக்கம் சொல்லவேண்டும் என்பதை அவரும் அறிவார். தலையசைத்தார். அதன்பின் அவர் கேட்கவுமில்லை, நான் கொண்டுசெல்லவுமில்லை. அன்று இறங்குமுன் அவர் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

2017 ஏப்ரலுடன் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் நின்றது. செய்தி இப்பொழுது கைத்தொலைபேசிக்கு வருகிறது; எனக்கும் வருகிறது. பழைய பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பற்றரி போட்டு இரவில் திறந்தால் சீனமும் அரபும் இன்னும் கேட்கின்றன. ஏரியலின் நுனியில் அந்தச் செப்புக் கம்பி பச்சை பூத்துக் கிடக்கிறது. கழற்ற மனம் வரவில்லை.