6 வெற்றி, 2 தோல்வி... அப்புறம் ஏன் இன்னொரு ஆளை வாங்கியது ஈகிள்ஸ்? டிஃபென்சிவ் லைன் ‘டெப்த்’ கணக்கு என்ன?

அமெரிக்க கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-இல் 2025 சீசனை நடப்பு சாம்பியனாகத் தொடங்கிய அணி பிலடெல்பியா ஈகிள்ஸ். அந்த சீசனில் முதல் 8 போட்டிகளில் 6 வெற்றி. புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் வீரர் பரிமாற்றக் கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, நவம்பர் 3-ம் தேதி, 2026 டிராஃப்டின் 3-வது சுற்று வாய்ப்பை மியாமி டால்பின்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஜேலன் ஃபிலிப்ஸ் என்ற எட்ஜ் ரஷரை வாங்கியது. 2023-இல் குதிகால் தசைநார் கிழிந்து, அடுத்த வருஷம் முழங்கால் காயத்தில் சீசனை இழந்தவர். ஒப்பந்தமும் அந்த சீசனோடு முடிவதாக இருந்தது.

இப்படி ஒருத்தருக்காக எதிர்கால வாய்ப்பைக் கொடுக்கணுமா? கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. காரணம் பிப்ரவரியிலிருந்தே தொடங்குகிறது.

நாலு பேர் போதும், ஆனா எட்டு பேர் வேணும்!

டிஃபென்சிவ் லைன் என்றால், எதிரணியின் தாக்குதல் வரிசைக்கு நேர் எதிரே நிற்கும் முன்வரிசை. நடுவில் நிற்கும் டாக்கிள்கள் 140, 150 கிலோ இருப்பார்கள். ஓரத்தில் நிற்கும் எட்ஜ் ரஷர்கள் கொஞ்சம் எடை குறைவு, வேகம் அதிகம். பந்தோடு ஓடி வருபவரைத் தடுப்பதும், பந்தை வீசும் குவாட்டர்பேக்கை வீசவிடாமல் நெருக்குவதும் இவர்கள் வேலை. வீசுவதற்கு முன்பே அவரைப் பின்வரிசையில் வீழ்த்தினால் அது ‘சாக்’.

ஒரு ஆட்டம் சில விநாடிதான். ஆனால் அந்த சில விநாடியும் 140 கிலோ ஆளை முழு பலத்தோடு தள்ள வேண்டும். ஒரு போட்டியில் 60 தடவைக்கும் மேல். தாக்குதல் வரிசையில் உள்ள 5 பேரும் பொதுவாக மாறுவதே இல்லை. ஆனால் அவர்களுக்கு பந்து எப்போது வரும், எங்கே போகும் என்று தெரியும். தடுப்பவருக்குத் தெரியாது; ஒவ்வொரு முறையும் பார்த்து, யூகித்து, துரத்த வேண்டும். அதனால் இவர்கள்தான் சீக்கிரம் களைப்பார்கள்.

வேகப்பந்து வீச்சாளருக்கு ஐந்தாறு ஓவர் முடிந்ததும் கேப்டன் ஓய்வு கொடுப்பார் இல்லையா? அதே கதைதான். களத்தில் நிற்பது நாலு பேர் என்றாலும், சுழற்சியில் எட்டு, ஒன்பது பேர் தேவை. இந்த இருப்பைத்தான் ‘டெப்த்’ என்கிறார்கள். எதிரணி இதை உடைக்க ஒரு வழி வைத்திருக்கிறது. தாங்கள் ஆள் மாற்றாமல், மூச்சுவிட நேரம் தராமல் அடுத்தடுத்து ஆடுவார்கள். அப்போது தடுப்பவர்களும் ஆள் மாற்ற முடியாது. களைத்த நாலு பேர் அப்படியே மாட்டிக்கொள்வார்கள்.

பிப்ரவரியில் நடந்தது என்ன?

2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ். சூப்பர் பவுல் இறுதியில் பேட்ரிக் மஹோம்ஸின் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸை ஈகிள்ஸ் 40-22 என்று வீழ்த்தியது. முதல் பாதி முடிவில் 24-0. அந்தப் பாதி முழுக்க சீஃப்ஸ் எடுத்தது வெறும் 23 யார்டு!

மஹோம்ஸ் 6 தடவை சாக் ஆனார். அதுவும் ஈகிள்ஸ் ஒரு தடவைகூட ‘பிளிட்ஸ்’ செய்யாமல். அதாவது பின்னால் நிற்கும் தடுப்பாளர்களைக் கூடுதலாக முன்னே அனுப்பவே இல்லை. முன்னால் 4 பேர் நெருக்க, மீதி 7 பேர் பந்து போகும் வழிகளை எல்லாம் அடைத்து நின்றார்கள். தடுப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோவின் மொத்தத் திட்டமும் அந்த 4 பேரை நம்பித்தான்.

ஜோஷ் ஸ்வெட் 2.5 சாக், மில்டன் வில்லியம்ஸ் 2 சாக். இரண்டு பேருமே முதல் சுற்று டிராஃப்ட் ஆட்கள் கிடையாது. ஸ்வெட் 2018-இல் 4-வது சுற்று, வில்லியம்ஸ் 2021-இல் 3-வது சுற்று. அணியின் நட்சத்திரம் என்றால் ஜேலன் கார்ட்டர்தான். எதிரணி அவரைத் தடுக்க இரண்டு பேரை வைக்க, பக்கத்தில் இருந்தவருக்கு வழி கிடைத்தது.

ஜெயித்ததே வினையா?

ஒரு மாதம்தான். மார்ச்சில் வில்லியம்ஸ் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸுக்குப் போனார். 4 வருஷம், 10.4 கோடி டாலர், நம்ம பணத்தில் சுமார் 900 கோடி ரூபாய். ஸ்வெட் அரிசோனா கார்டினல்ஸுக்கு, 4 வருஷம், 7.64 கோடி டாலர். 15 சீசன் ஆடிய பிராண்டன் கிரஹாம் ஓய்வை அறிவித்தார்.

ஈகிள்ஸ் ஏன் விட்டது? 2025-க்கு ஒரு அணியின் சம்பள உச்சவரம்பு 27.92 கோடி டாலர். 53 பேர் கொண்ட அணி இதற்குள் அடங்க வேண்டும். கார்ட்டர் டிராஃப்டில் வந்தவர் என்பதால் அவருடைய 4 வருஷ ஒப்பந்தம் மொத்தமே சுமார் 2.18 கோடி டாலர். வில்லியம்ஸுக்கு பேட்ரியாட்ஸ் தருவது வருஷத்துக்கு சராசரி 2.6 கோடி! டெப்த் என்பது மலிவாகக் கிடைக்கும் வரைதான் டெப்த். நன்றாக ஆடிவிட்டால் அவர் இன்னொரு அணியின் நட்சத்திரம். ஆட்டக்காரர் பக்கமிருந்து பார்த்தால் இது நியாயமும்கூட. எப்போது முழங்கால் போகும் என்று தெரியாத வேலையில், கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

போனவர்கள் இடத்துக்கு ஈகிள்ஸ் எடுத்தது அசீஸ் ஓஜுலாரி, ஜோஷ் உச்சே போன்ற ஒரு வருஷ ஒப்பந்தக்காரர்களை. செப்டம்பரில் சடாரியஸ் ஸ்மித்தும் வந்தார்.

சோதனை முதல் போட்டியிலேயே வந்தது. செப்டம்பர் 4, டல்லஸ் கவ்பாய்ஸுடன் மோதல். எதிரணி குவாட்டர்பேக் டாக் பிரஸ்காட் மீது எச்சில் துப்பியதற்காக, தடுப்பு வரிசை ஒரு ஆட்டம்கூட ஆடும் முன்பே கார்ட்டர் வெளியேற்றப்பட்டார். (காயத்துக்குத் திட்டம் போடலாம், இதற்கு யார் போடுவார்கள்?) முதல் பாதியில் கவ்பாய்ஸ் 20 புள்ளி எடுத்தது. இரண்டாம் பாதியில் பூஜ்ஜியம். 2023-இல் 7-வது சுற்றில் வந்த மோரோ ஓஜோமோ போன்றவர்கள் தாங்கிப் பிடிக்க, 24-20 என ஈகிள்ஸ் ஜெயித்தது. நடு வரிசையில் டெப்த் இருந்தது.

ஓரத்தில்தான் ஓட்டை. நோலன் ஸ்மித் காயம், ஓஜுலாரி காயம். அக்டோபர் 5 அன்று டென்வர் பிராங்கோஸுக்கு எதிராக 17-3 என முன்னிலையில் இருந்து, கடைசி கால் பகுதியில் 18 புள்ளி கொடுத்து 21-17 எனத் தோற்றது. தாக்குதல் வரிசையும் அன்று சொதப்பியது, பழி முழுக்க முன்வரிசைக்கு இல்லை. அதே மாதம் சடாரியஸ் ஸ்மித் திடீரென ஓய்வு அறிவித்தார். 37 வயது கிரஹாமை ஓய்விலிருந்து திரும்ப அழைக்கும் நிலை. இதற்குப் பிறகுதான் ஃபிலிப்ஸ். 2023-இல் மியாமியில் அவருக்குப் பயிற்சி கொடுத்தது இதே ஃபாஞ்சியோதான்.

டெப்த் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

2024 டெட்ராய்ட் லயன்ஸைப் பாருங்கள். 5 போட்டியில் 7.5 சாக் எடுத்திருந்த எய்டன் ஹட்சின்சனின் கால் எலும்பு அக்டோபரில் முறிந்தது. டிசம்பரில் அலிம் மெக்நீலின் முழங்கால் போனது. லீக் சுற்றில் 15-2 என்று அசத்திய அணி, சொந்த மைதானத்தில் பிளே-ஆஃப் போட்டியில் வாஷிங்டனிடம் 45-31 எனத் தோற்றது.

அதே சமயம், ஆள் நிறைய இருந்தால் கோப்பை நிச்சயம் என்றும் சொல்ல முடியாது. 2022-இல் இதே ஈகிள்ஸ் 70 சாக் எடுத்தது. ஒரே அணியில் 4 பேர் தலா 10 சாக்கைத் தாண்டியது என்.எஃப்.எல் வரலாற்றிலேயே முதல் முறை. அந்த சீசனின் சூப்பர் பவுலில், இதே மஹோம்ஸை அவர்களால் ஒரு தடவைகூட சாக் செய்ய முடியவில்லை. 38-35, தோல்வி.

ஃபிலிப்ஸ் முதல் முறையாக ஈகிள்ஸுக்கு ஆடிய நவம்பர் 10 போட்டியில், கிரீன் பே பேக்கர்ஸை 7 புள்ளியோடு நிறுத்தி 10-7 என ஜெயித்தார்கள். 2026 மார்ச்சில் அவர் எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலை இருந்தது. போனால், லீக்கின் ஈட்டு விதிப்படி ஈகிள்ஸுக்கு ஒரு டிராஃப்ட் வாய்ப்பு திரும்பக் கிடைக்க வழி இருந்தது. கார்ட்டரும் 2025 சீசன் முடிந்ததும் புதிய ஒப்பந்தம் கேட்கும் தகுதியைப் பெற்றார்.