ஜஸ்மிலிருந்து தொடங்குவோம்

காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டையில் நடக்கும் எங்கள் மாலை வகுப்புக்குப் பட்டுக்கடையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் வருகிறார். பகலெல்லாம் புடவை விரித்து மடித்த கை, இஷாவுக்குப் பிறகு பென்சில் பிடிக்கிறது. சென்ற மாதம் ஒருநாள் ‘லம் யக்துப்’ என்று பலகையில் எழுதி வாசிக்கச் சொன்னேன். ‘லம் யக்துபு’ என்றார். திருத்தினேன். மறுபடியும் ‘யக்துபு’. விதி தெரியாதவர் அல்லர். லம் வந்தால் ஜஸ்ம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நாக்குதான் கேட்கவில்லை.

அது அவர் ஒருவருடைய நாக்கு அன்று, தமிழ் நாக்கு. வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது நம் வழக்கமில்லை. கிதாப் நமக்குக் கிதாபு, மௌத் மௌத்து, வக்த் வக்து, ஹக் ஹக்கு. கடைசியில் ஓர் உகரம் ஒட்டினால்தான் சொல் முடிந்ததாகக் காது ஒப்புக்கொள்கிறது. முளாரிஉ வினையிலோ அந்த உகரம் சும்மா ஒட்டிக்கொண்ட ஒலியன்று. ரஃப்உ நிலையின் அடையாளமே அதுதான். ஆக, நம் மாணவர் ஒவ்வொரு ஜஸ்மையும் தன்னையறியாமல் ரஃப்உ ஆக்கிவிடுகிறார். கெய்ரோவில் அச்சான பாடநூல் இதை எச்சரிக்காது. அங்குள்ள பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

கைகண்ட வழி ஒன்று சொல்கிறேன். ஜஸ்ம் பெற்ற வினையை வாக்கியத்தின் கடைசியில் நிறுத்திப் பயிற்சி கொடுக்காதீர்கள். பின்னால் ஒரு சொல் வையுங்கள்: ‘லம் யக்துப் ஷைஅன்’, எதுவும் எழுதவில்லை. அடுத்த மெய் உடனே வருவதால் உகரம் நுழைய இடமில்லை. அல் சேர்ந்த சொல்லை மட்டும் முதல் வாரங்களில் தவிர்க்கவும். ஸுகூன் கஸ்ராவாகி மாணவர் குழம்பிப்போவார்.

யக்துபு, யக்துப, யக்துப். மூன்று நிலைகளும் அரபு எழுத்தைவிடத் தமிழ் எழுத்தில் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிகின்றன: உகரம், அகரம், புள்ளி. இவற்றில் எதை முதலில் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் எனக்கு நம் வழக்கத்தோடு கருத்து வேறுபாடு.

ரஃப்உ, நஸ்ப், ஜஸ்ம் என்பது கிதாபுகளின் வரிசை. ஃபாஸ் நகரத்து இப்னு ஆஜுர்ரூம் (மறைவு 1323) எழுதிய சிறுநூல், நஸ்ப் செய்யும் சொற்கள் 10, ஜஸ்ம் செய்பவை 18 என்று எண்ணிக் கொடுக்கிறது. நானும் அப்படித்தான் படித்தேன். பதினெட்டையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். ஹர்கத்து இல்லாத ஒரு நாளிதழ்ச் செய்தியைக் கையில் கொடுத்தபோது முதல் வரியிலேயே நின்றுபோனேன். நூலின் மேல் பழியில்லை. மனனம் செய்துகொண்டு, பிறகு உஸ்தாதின் வாயால் விரிவுரை கேட்பதற்கென எழுதப்பட்டது அது. விரிவுரை சுருங்கி மனனம் மட்டும் மிஞ்சியது நம் காலத்துப் பிழை. அந்தப் பதினெட்டில் லம் ஒன்று, அலம் ஒன்று. அலம் என்பது கேள்வி ஹம்ஸா சேர்ந்த லம் அன்றி வேறில்லை. தொடக்கத்தில் லம், லி, லா, இன் என்ற நான்கு போதும். மற்றவை வாசிப்பில் வரும்போது வரட்டும்.

ஜஸ்மிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு முதற்காரணம், அது மாணவரின் நெஞ்சில் ஏற்கெனவே இருக்கிறது. இக்லாஸ் அத்தியாயத்தில் லம் மூன்று முறை வருகிறது. ஃபீலில் அலம் இரண்டு முறை. ளுஹாவில் விலக்கும் லா இரண்டு முறை. குறைஷில் லாமுல் அம்ர் பன்மை வினையோடு வருகிறது. நூன் விழுந்த இடத்தை விரல் வைத்துக் காட்டலாம். இவையெல்லாம் மக்தபில் சிறுவயதிலேயே மனனமானவை. ஓதத் தெரிந்த பிள்ளை, சரியான உதாரணங்களைப் பல ஆண்டுகளாகச் சுமந்துகொண்டு வகுப்புக்கு வருகிறது. அதை ஒதுக்கிவிட்டு, ஸைது அம்ரை அடித்தான் என்று புதிதாக ஏன் தொடங்க வேண்டும்?

இரண்டாவது காரணம் தமிழ். ‘வடிவம் முளாரிஉ, பொருள் மட்டும் இறந்தகாலம்’ என்றதும் மாணவரின் முகம் சுருங்கும். ‘எழுதினான்’ என்பதை மறுக்கச் சொல்லுங்கள். ‘எழுதவில்லை’ என்பார். இறந்தகாலம் காட்டிய ‘இன்’ எங்கே போயிற்று? நிற்பது ‘எழுத’ என்ற செயவென் எச்சம்தான். மறுப்புச்சொல் வந்தவுடன் வினை தன் காலத்தைக் கழற்றி அதன் கையில் கொடுத்துவிடுகிறது. லம் செய்வதும் இதுவே. இதைச் சொன்ன அன்று வகுப்பில் இரண்டு பேர் ‘அட’ என்றார்கள். இத்தனை ஆண்டு கற்பித்தலில் அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன்.

ஆனால் அதே தமிழ் அடுத்த நிமிடம் காலை வாரிவிடும். நம் ‘இல்லை’ இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் பொது. ‘விடை தெரியவில்லை’ என்று இப்போது நினைப்பவர், தமிழ்ப் பழக்கத்தில் ‘லம் அத்ரி’ என்று எழுதுகிறார். அது தெரிந்திருக்கவில்லை என்றாகிவிடும். அவர் சொல்ல வந்தது ‘லா அத்ரீ’. நெடிலும் குறிலும் சேர்ந்து மாறுகிற இந்த இணையைச் சுவரில் எழுதியே வைக்கலாம்.

‘லி யக்துப்’ என்பது எழுதுக, எழுதட்டும். வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்கிறது தொல்காப்பியம். நன்னூல் அதை மூவிடத்துக்கும் விரிக்கிறது. லாமுல் அம்ரும் பெரும்பாலும் படர்க்கையிலேயே வருகிறது, முன்னிலைக்குத் தனி ஏவல் இருப்பதால். எங்கள் ஊருக்குக் காஞ்சிப் புராணம் பாடிய சிவஞான முனிவர் (மறைவு 1785) நன்னூல் விருத்தியுரையைத் திருத்தியவர். அந்த உரையை மேசைமேல் விரித்துவைத்துத்தான் இப்போது அரபுப் பாடம் தயாரிக்கிறேன். வேலூர்ப் பக்கத்து மதரஸாக்களில் நெடுங்காலம் அரபு இலக்கணம் உருது வழியாக வந்தது; தமிழ்ப் பிள்ளை ஓர் ஆற்றைக் கடக்க இன்னோர் ஆற்றை முதலில் நீந்த வேண்டியிருந்தது. கீழக்கரையிலோ மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்கச் சட்டத்தையே அர்வியில் எழுதினார், எழுத்து அரபாகவும் மொழி தமிழாகவும். சட்டத்தைத் தாங்கிய தமிழ் இலக்கணத்தையும் தாங்கும்.

நஸ்பைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது காதுக்கு எட்டுவது அரிது. ‘உரீது அன் அக்துப’, எழுத விரும்புகிறேன். மறுபடியும் அதே ‘எழுத’. இங்கே வரும் பிழை வேறுவிதம்: தமிழ் எச்சத்துக்கு இடமும் பாலும் கிடையாது; அதனால் நானோ நீயோ அவளோ, எல்லோருக்கும் மாணவர் ‘அன் யக்துப’ என்றே எழுதிவிடுகிறார். அரபில் வினை எச்சமாவதில்லை, எழுவாயை விடாமல் பிடித்துக்கொண்டே போகிறது. இதற்கு ஒரு வாரம் முழுக்கக் கொடுங்கள்.

துபாயிலிருந்து திரும்பியவர்கள், அங்கே யாரும் இந்த ஈறுகளைச் சொல்வதில்லையே என்பார்கள். பேச்சில் உதிர்ந்துவிட்டன, உண்மைதான். நாம் கற்பிப்பது வாசிக்க.

வடிவங்களைப் பலகையில் பார்த்த பட்டுக்கடை இளைஞர், “உடல் அதேதான், கரை மட்டும் மாறுது” என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். கோர்வைப் புடவையைத் தினமும் விரித்துக் காட்டுகிறவரின் கண் அது. ‘யகூனு’ என்பது லம் வந்ததும் ‘யகுன்’ ஆன வாரத்தில் அந்த உவமை நின்றுபோயிற்று. கரை மாறியதில் உடலும் குறுகியது. இரண்டு ஸுகூன்கள் ஒன்றையொன்று சந்திக்காதிருக்க வாவு விழுகிறது என்று விளக்கினேன். அவர் குறித்துக்கொண்டார்.

சென்ற வெள்ளியன்று இன்ஷிகாக் அத்தியாயத்தின் 14-ஆம் வசனத்தை எடுத்தேன். அதில் லன் வருகிறது. வினை வசனத்தின் கடைசியில் இருப்பதால், நிறுத்தி ஓதும்போது நஸ்பின் அகரம் கேட்பதில்லை. லன் இருப்பதை மறந்துவிடுங்கள், வினையை மட்டும் காதில் வாங்குங்கள், இது ஜஸ்மா இல்லையா என்று கேட்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அவர் மட்டும் வாய்க்குள் இரண்டு முறை ஓதிப் பார்த்தார்.

“ஹஜ்ரத், இங்க ஊ நீளுதே. இக்லாஸ்ல யகுன் குறில்தானே?”

“அப்போ?”

“ஜஸ்மா இருந்தா இதுவும் குறுகியிருக்கணும்.”

“அடுத்த வசனத்தோட சேர்த்து ஓதுங்க தம்பி.”

நிறுத்தாமல் சேர்த்து ஓதினார். ‘யஹூர’ என்று அகரம் வெளியே வந்தது.