பார்க்காத பயிரும் கேட்காத கடனும்

"பார்க்காத பயிரும் கேட்காத கடனும் பாழ்" என்பது நம்மவர் பழமொழி. பயிர் விடயத்தில் நாம் இதனை மறப்பதில்லை. மனிதர் விடயத்திலேதான் மறந்துவிடுகின்றோம்.

சில மாதங்களுக்கு முன், நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரைக் கனகராயன்குளத்தில் அவரது இல்லத்திற் கண்டோம். கொழும்பிலுள்ள நிறுவனமொன்றின் கணக்குகளை வீட்டிலிருந்தபடியே கணினியில் எழுதி அனுப்புவது அவர் தொழில். பெற்றாரைப் பிரியாது உழைக்கும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நாம் மகிழ்ந்து கூறினோம். அவரோ முகம் வாடி, "சேர், தொலைபேசி மணி அடித்தாலே நெஞ்சு பதறுகிறது. பிழை நேர்ந்தால் மட்டுமே முகாமையாளர் பேசுவார். மற்ற நாட்களில் நான் இருக்கிறேனா என்று கேட்பாரில்லை" என்றார். கணக்கொன்றில் அவருக்கு ஐயம் எழுந்ததாம், கேட்க அஞ்சித் தாமே ஊகித்து எழுதினாராம், அது பிழையாயிற்றாம். வேலையை விட்டுவிடலாமா என்பதே அவர் நம்மிடம் கேட்ட வினா.

அந்த முகாமையாளர் கொடியவரென்று நாம் எண்ணவில்லை. ஒரே கூரையின் கீழ் பணிபுரிவோரிடையே பேச்சுத் தானாகவே நிகழும். காலையில் ஒரு புன்னகை, தேநீர் வேளையில் ஒரு சொல், வாடிய முகத்தைக் கண்டு "என்ன, சுகமில்லையா?" என்றொரு விசாரிப்பு, இவை எவரும் திட்டமிட்டுச் செய்பவை அல்ல. தூரத்தில் இருப்பவருக்கோ இவற்றுள் ஒன்றேனும் இல்லை. ஆகவே, தானாக நிகழாததை முறை வகுத்து நிகழச் செய்தல் வேண்டும்.

பழைய ஆட்சியாளரும் இதனை உணர்ந்திருந்தனர். 1808இல் தேசாதிபதி சேர் தோமஸ் மெயிற்லண்ட், மாவட்டங்களில் இருந்த அதிகாரிகள் நாட்குறிப்பு எழுதவேண்டுமென விதித்தார். அவ்வழக்கம் 1941 வரை நீடித்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ப் எழுதிய குறிப்புகள் பிற்காலத்தில் நூலாகவும் வெளிவந்தன. உப்பளமும் மாடுகளுக்கு வந்த கொள்ளைநோயும் அவற்றில் இடம்பெறுகின்றன. இடர் நேர்ந்த நாளில் மட்டுமன்றி, வாளா கழிந்த நாளிலும் எழுதவேண்டும் என்பதே அம்முறையின் சிறப்பு. எனினும் அது ஆள்வோரின் கண்காணிப்புக்காக ஏற்பட்டது; கீழிருந்து மேலே போகும் கடதாசி மட்டும் உரையாடல் ஆகிவிடாது.

அதனினும் நல்ல முன்மாதிரி நம் வன்னியிலேயே உண்டு. கனகராயன் ஆறு வடக்கே ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்புகின்றது. சிறுபோகம் தொடங்குமுன் அதிகாரிகளும் கமக்காரரும் ஒருங்கு கூடி, குளத்து நீரை அளவிட்டு, எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்போது நீர் திறப்பது என்று முடிவு செய்வர். வாய்க்காலின் கடைக்கோடியில் வயலுள்ளவரும் அங்கே எழுந்து பேசலாம். பயிர் வாடிய பின் கூடினால் அது வழக்காகும். விதைக்குமுன் கூடுவதால் அது திட்டமாகின்றது.

செய்தியின்மையின் துயரை இம்மண்ணுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. போரினால் 1990 தொடக்கம் 2002 வரையும், மீண்டும் 2006 முதல் போர் முடியும் வரையும் கண்டி வீதி அடைபட்டுக் கிடந்தது. அக்காலத்தில் ஒரு கடிதத்துக்காக வாசலைப் பார்த்திருந்த தாய்மாரை இவ்வூர் அறியும். இன்று பாதை திறந்திருக்கின்றது; தொலைபேசி கையிலேயே இருக்கின்றது. வழியிருந்தும் பேசாதிருப்பதற்கு நாம் என்ன காரணம் கூறுவோம்?

முகாமையாளர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. வாரத்தில் ஒருநாள், ஒரு நேரம் குறியுங்கள், அதனைத் தவறவிடாதீர்கள். கால்மணி நேரம் போதும். முதலில் ஆளை விசாரியுங்கள்; பின்னர் கணக்கை விசாரியுங்கள். மணிக்கொரு தரம் அழைத்து வேவு பார்ப்பதை மட்டும் இதனோடு சேர்த்துவிடாதீர்கள். அமைதியான நாளிற் பேசிப் பழகியவரே இடர் வந்த நாளில் அஞ்சாது உண்மை சொல்வார்.

மாணவரிடமோ, "தம்பி, அவர் பேசவில்லை என்கிறீர், நீர் எழுதினீரா?" என்று கேட்டோம். வெள்ளிதோறும் மூன்று வரி எழுதுமாறு கூறினோம்: முடிந்தது எது, முடியாதது எது, ஐயம் எது.

அண்மையில் அவரை மீண்டும் சந்தித்தோம். முதல் இரண்டு வாரமும் மறுமொழி வரவில்லையாம். மூன்றாம் வாரம் முகாமையாளர் தாமே அழைத்து, ஐயத்தைத் தீர்த்தபின் சிறிது தயங்கி, "என்னுடனும் என் மேலதிகாரி பிழை நேர்ந்தால்தான் பேசுகிறார்" என்றாராம்.

மாணவர் வேலையை விடவில்லை. முகாமையாளரும் இப்போது தம் மேலதிகாரிக்கு வாரந்தோறும் மூன்று வரி எழுதுகின்றாராம்.